பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது

வரலாறு, தம்பி. வரலாறுதான் படிப்பிச்சனான். முப்பத்தொரு வருசம். போன தை மாசம்தான் பென்சன். கணித சேர் எண்டு சொன்னா சனம் உடன மகனுக்கு ரியூசன் கேக்கும். விஞ்ஞானம் எண்டா எழும்பி இடம் விடும். வரலாறு எண்டா, "ஓ, வரலாறோ" எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஜன்னலுக்கு வெளியால பாக்கும். நீங்களும் இப்ப பாத்தனீங்கள். நான் கண்டனான். பரவாயில்லை, பழகிப்போச்சு.

ஆனா ஒண்டு சொல்லுறன். இந்த வன்னியில வரலாறு படிப்பிக்கிறது எண்டா லேசுப்பட்ட வேலை இல்லை. எத்தினை பேர் இதில மாட்டுப்பட்டவை. நான் மாட்டுப்படேல்லை. ஏன் தெரியுமோ? நான் புத்தகத்தை விட்டு ஒரு அங்குலம் அங்கால இங்கால போகமாட்டன். முந்தி இயக்கம் இருந்த காலத்தில ஒரு புத்தகம் குடுத்தவை. அதில தமிழ் ராசா எல்லாளன் நல்லவர். சரி எண்டு படிப்பிச்சன். இயக்கம் போன பிறகு வந்த புத்தகத்தில அவரைக் கொண்ட சிங்கள ராசா துட்டகைமுனு நல்லவர். அதையும் சரி எண்டு படிப்பிச்சன். சண்டை அதே சண்டை, யானையும் அதே யானை. ஆர் நல்லவர் எண்டதை மட்டும் மாத்தினாக் காணும். நோட்ஸைத் திருப்பி எழுதவேண்டிய தேவைகூட இல்லை, ரெண்டு சொல்லை வெட்டிப்போட்டு மேல எழுதினன்.

இப்பத்தையப் புத்தகம் நல்ல புத்தகம், தம்பி. சும்மா சொல்லக்கூடாது. குளம் கட்டுறது, ராசா மாறுறது, பிறகு போர்த்துக்கீசன், ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன். சுதந்திரம் கிடைக்குது. அரசியலமைப்பு மாறுது. பிறகு? பிறகு பிரெஞ்சுப் புரட்சிக்குப் போயிடும். இந்த நாட்டில அதுக்குப் பிறகு எல்லாரும் சந்தோசமா இருந்தவை போல. என்ர வகுப்பில முப்பத்தெட்டுப் பிள்ளையள். அதில பதினாலு பேருக்குத் தகப்பன் இல்லை, ரெண்டு பேருக்குக் கை இல்லை, ஒருத்தி சத்தம் கேட்டா மேசைக்குக் கீழ போயிடுவாள். நான் அவையளுக்குப் பிரெஞ்சுப் புரட்சியில கஷ்டப்பட்ட சனத்தைப் பற்றிப் படிப்பிச்சன். நல்லா விளங்கிச்சுது அவையளுக்கு.

கொழும்பிலயிருந்து ஒருக்கா நல்லிணக்கப் பயிற்சி எண்டு வந்தவை. நல்ல சாப்பாடு. வரலாறு ஆசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு, உள்ளங்கையில வெள்ளைப் பெயின்ற் பூசி, ஒரு நீலத் துணியில ஒத்தச் சொன்னவை. அதுதான் புறாவாம். எனக்கு மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் ரெண்டு நாளா அந்தப் புறா போகேல்லை.

சரி, நான் சொல்ல வந்தது அது இல்லை. எழில்மதி எண்டு ஒரு பிள்ளை. அவளாலதான் எனக்கு இவ்வளவு கரைச்சலும்.

இரண்டாயிரத்துப் பதினாலாம் ஆண்டு. ஓ.எல். சோதினை எடுக்கிற பதினோராம் வகுப்பு. கெட்டிக்காரி, அதைச் சொல்லவேணும். நான் நோட்ஸ் சொல்லச் சொல்ல ஒரு கமா விடாமல் எழுதுவாள். இரண்டாம் தவணைப் பரீட்சையில ஒரு கேள்வி போட்டனான். "இரண்டாம் உலக யுத்தத்தின் விளைவுகள் ஐந்தினை விளக்குக." பத்துப் புள்ளி. லேசான கேள்வி. ஐக்கிய நாடுகள் சபை, ஜேர்மனி ரெண்டாப் பிரிஞ்சது, அணுகுண்டு, குடியேற்ற நாடுகள் சுதந்திரம் பெற்றது. நாலும் அச்சுப்போல எழுதியிருந்தாள். அஞ்சாவதாத்தான் அந்த வேலை பாத்தவள். எனக்கு அது மனப்பாடம். சொல்லுறன் கேளுங்கோ.

"யுத்தத்தின் பின்னர் ஜெனீவா உடன்படிக்கை செய்யப்பட்டது. இதன்படி சரணடைந்தவர்களின் பெயர்களைப் பதிந்து, யுத்தம் முடிந்ததும் அவர்களை விடுதலை செய்ய வேண்டும். இதனை எமது வரலாறு ஆசிரியர் 2009 ஆம் ஆண்டு வைகாசி மாதம் எனது அப்பாவுக்கு விளக்கினார். அப்பா அதனை நம்பி எழுந்து சென்று பெயர் கொடுத்தார். அவர் இன்னும் விடுதலை செய்யப்படவில்லை."

எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் என்ன செய்யவேணும் எண்டு நினைக்கிறியள்? புள்ளித்திட்டம் எண்டு ஒண்டு இருக்கு. அதில தகப்பனைப் பற்றி இல்லை. சிவப்புப் பேனையால அடியில கோடு போட்டு, "பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது" எண்டு எழுதி, சைபர் போட்டன். பத்துக்கு எட்டு. எட்டு நல்ல புள்ளிதானே?

பேப்பர் குடுத்த அண்டைக்கே ஸ்ராப் றூமுக்கு வந்திட்டாள்.

"சேர், அஞ்சாவது பிழையோ?"

"நான் பிழையெண்டு போடேல்லையே, பிள்ளை. அப்பாற்பட்டது எண்டுதானே போட்டிருக்கு."

"பிழையெண்டா பிழையெண்டு போடுங்கோ சேர். நான் அழிச்சுப்போட்டுத் திருத்தி எழுதுறன்."

"பிழை எண்டு சொல்லேல்லை."

"அப்ப சரியோ?"

பக்கத்தில இருந்த சங்கீத ரீச்சர் தலையைக் குனிஞ்சு கொப்பி திருத்தினவ. சங்கீதத்துக்கு எங்க தம்பி திருத்திற கொப்பி? நான் சொன்னன், "எழில்மதி, டிசம்பரில சோதினை. இப்பிடி எழுதினா எங்கயோ இருக்கிற ஒரு ஆள் பேப்பரைத் திருத்தேக்க சிரிப்பார். போய்ப் படியுங்கோ." போனாள். கதவடியில திரும்பி, "சிரிக்கமாட்டார் சேர்" எண்டிட்டுப் போனாள். அந்த வயசில உந்தத் திமிர் இருக்கும்.

இப்ப நீங்கள் கேப்பியள், அவள் எழுதினது உண்மையோ எண்டு. உண்மைதான். அதில என்ன ஒளிக்கிறதுக்கு இருக்கு? நான் சொன்னதில ஒரு பிழையும் இல்லை, அதால சொல்லுறன்.

சண்டையின்ர கடைசி நாள். நாங்கள் எல்லாரும் வெளியால வந்து வெட்டையில வரிசையா இருக்கிறம். நானும் மனுசியும், பக்கத்தில தவநேசன் குடும்பம். தவநேசன் எண்டது இந்தப் பிள்ளையின்ர தகப்பன். இயக்கத்துக்கு லொறி ஓடினவன். துவக்குத் தூக்கினவன் இல்லை, அரிசி மூட்டை ஏத்தினவன். ஸ்பீக்கரில ஆமிக்காரங்கள் அறிவிக்கிறாங்கள், ஒரு நாள் எண்டாலும் இயக்கத்தில இருந்தவை வந்து பேரைக் குடுங்கோ, பதிஞ்சுபோட்டு விடுவம் எண்டு. தவநேசன் என்னட்டை நகர்ந்து வந்தான்.

"சேர், நான் சனத்தோட சனமாப் போயிடட்டோ? என்னை ஆருக்குத் தெரியும்?"

அவன்ர மனுசி வசந்தமலர் சொல்லுறா, "வாயை மூடிக்கொண்டு எங்களோட இருங்கோ அப்பா." படிப்பு இல்லாத மனுசி. நான்தான் ஆறுதலா எடுத்து விளங்கப்படுத்தினன். இப்ப ஒளிச்சா, பிறகு பிடிபட்டா, அதுதான் குற்றம். யுத்தம் முடிஞ்சா கைதிகளைப் பதியிறதும் விடுறதும் உலக வழமை. ஜெனீவா உடன்படிக்கை இருக்கு. ஜேர்மன்காரனை விட்டவங்கள், யப்பான்காரனை விட்டவங்கள், லொறி ஓடின உன்னை வைச்சிருந்து என்ன செய்யப்போறாங்கள்? ஆண்டு, இடம் எல்லாம் சொன்னன். கிட்டத்தட்ட ஒரு பாடவேளை. அவன் வடிவாக் கேட்டான். இந்தப் பிள்ளைக்கு அப்ப பதினொரு வயசு. பைக்கு மேல இருந்து என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருந்தவள்.

"சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" எண்டு சொல்லித் தவநேசன் எழும்பினான்.

நான் புத்தகத்தில இருக்கிறதைத்தான் சொன்னனான். புத்தகத்தில இருக்கிறமாதிரி நடக்காததுக்கு நானோ பொறுப்பு?

சரி. அந்த ஆவணி மாசம் ஆணைக்குழு வருது எண்டு பிரதேச செயலகத்தில அறிவிச்சினம். காணாமற் போனவையின்ர ஆக்கள் வந்து சொல்லலாமாம். வசந்தமலர் எங்கட வீட்டை வந்தா. தவநேசன்ர படத்தை ஒரு பொலித்தீன் பையில போட்டுக் கையில வைச்சிருந்தா. எங்க போனாலும் அந்தப் பை. மனுசி தேத்தண்ணி குடுத்தா.

"சேர், கண்ட ஆள் ஆரும் இருக்கோ எண்டு கேப்பினமாம். நான் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நிண்டனான், எனக்கு ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. அவரை ஏத்தின பஸ் வரைக்கும் நீங்கள் கூடப் போனனீங்கள். வந்து ஒரு சொல் சொல்லுங்கோ."

நான் பொறுமையாச் சொன்னன், "தங்கச்சி, நான் அரசாங்க உத்தியோகத்தன். பென்சனுக்கு அஞ்சு வருசம் இருக்கு. மற்றது, ஒரு ஆள் கண்டதை மட்டும் வைச்சு ஒண்டும் நிரூபிக்க ஏலாது. வேற ஆதாரங்களோட ஒப்பிட்டுப் பாக்கவேணும். அதுதான் முறை."

"வேற ஆதாரத்துக்கு நான் எங்க சேர் போவன்?"

"அதுதான் பிரச்சினை" எண்டன்.

அவ தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனா. எங்கட வீட்டுத் தேத்தண்ணி நல்ல தேத்தண்ணி. நான் பயந்தனான் எண்டு நினைக்காதையுங்கோ. அந்தக் கிழமை மோட்டார்சைக்கிளில ரெண்டு பேர் பள்ளிக்கூடப் படலையடிக்கு வந்து, "சேர் எப்பிடி, சுகமோ? வீட்டில அம்மா சுகமோ? எங்கயும் பயணம் போறியளோ?" எண்டு கேட்டவை. முன்னப்பின்ன தெரியாத பெடியள். இந்தக் காலத்தில ஆர் தம்பி அப்பிடிச் சுகம் விசாரிக்கினம்? நான் சொன்னன், "ஓம், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கல்விச் சுற்றுலா போறன், சிகிரியாவுக்கு." அதுவரைக்கும் எனக்கே தெரியாது நான் சிகிரியா போறன் எண்டு. வாயில வந்திட்டுது. வந்த பிறகு போகத்தானே வேணும்? அதிபரிட்டைக் கேட்டு, ஆணைக்குழு வாற அதே நாளைத்தான் போட்டன். வேற நாள் பஸ் கிடைக்கேல்லை எண்டு எல்லாருக்கும் சொன்னன்.

எழில்மதி வரேல்லை. மற்ற முப்பத்தேழு பேரும் வந்தவை. நல்ல பயணம். மேல ஏறி நிண்டு காசியப்பன் தகப்பனைச் சுவருக்குள்ள வைச்சுக் கட்டின கதையைச் சொன்னன். பிள்ளையளுக்கு நல்ல விருப்பம். ஒரு பெட்டை கேட்டாள், "சேர், அதைக் கண்ட ஆக்கள் ஒருத்தரும் சொல்லேல்லையோ?" நான் சொன்னன், கண்டவை சொன்னபடியாத்தானே எழுதி வைச்சிருக்கு எண்டு. பிறகு எனக்கு ஏறி இறங்கினதில கொஞ்சம் தலைச்சுத்து. நிழலில இருந்திட்டன்.

வீட்டை வந்தா, என்ர மனுசி புதுச் சீலை உடுத்தபடி குசினியில நிக்கிறா. தனபாக்கியம் எண்டு பேர். எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சவ. வரலாற்றில நாப்பதுக்கு மேல எடுத்திருக்கமாட்டா.

"எங்க போனனீர்?"

"பிரதேச செயலகத்துக்கு."

"என்னத்துக்கு?"

"நீங்கள் போகேல்லை. அதால நான் போனனான்."

இருந்து கேட்டன் எல்லாத்தையும். கண்டதைச் சொன்னாவாம். சரணடையப் போனதையும் பஸ்ஸில ஏத்தினதையும் சொன்னாவாம். நான் தவநேசனுக்குப் பாடம் எடுத்ததையும் சொன்னாவாம், அதை ஏன் சொல்லவேணும்? அவையள் மரியாதையாத்தான் கேட்டவையாம். என்ன நேரம் எண்டு கேட்டினமாம், தெரியாதாம். பஸ்ஸின்ர இலக்கம் கேட்டினமாம், தெரியாதாம். அதோட விட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை. இவ சொல்லியிருக்கிறா, "என்ர அவருக்குத் தெரியும் ஐயா. அவர் இலக்கமெண்டா ஒருக்காப் பாத்தாலும் மறக்கமாட்டார். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

சொந்த மனுசி, தம்பி. இருபத்தெட்டு வருசம் சமைச்சுப் போட்ட மனுசி.

கடிதம் வந்தது. அடுத்த அமர்வுக்கு வரச்சொல்லி, என்ர முழுப் பேரோட. போனன். வெள்ளைச் சேட்டு, கறுத்தக் காற்சட்டை. மண்டபம் நிறையச் சனம். எல்லாற்ற மடியிலயும் ஒரு படம். நடுவில மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர். முன்வரிசையில வசந்தமலரும் எழில்மதியும், அவையளுக்குப் பக்கத்தில என்ர மனுசி. எனக்குப் பக்கத்தில இல்லை, அவையளுக்குப் பக்கத்தில. பின்சுவரோட, அந்தச் சுகம் விசாரிக்கிற பெடியள் மாதிரி ரெண்டு பேர் நிண்டவை. அவையள்தானோ எண்டு நான் வடிவாப் பாக்கேல்லை.

"தவநேசன் எண்டவரைத் தெரியுமோ?"

"பாத்திருக்கிறன்."

"அவரைப் பஸ்ஸில ஏத்தினதைக் கண்டனீங்களோ?"

"அண்டைக்குச் சரியான சனம், ஐயா."

"பஸ்ஸின்ர இலக்கம்?"

"ஞாபகமில்லை."

"ஏதாவது அடையாளம்?"

"ஞாபகமில்லை. அஞ்சு வருசமாச்சுதே."

அப்ப முன்வரிசையிலயிருந்து அந்தப் பிள்ளை எழும்பினாள். ஆரும் அவளைக் கேக்கேல்லை. "சேருக்குத் துட்டகைமுனு ராசாவான ஆண்டு ஞாபகம் இருக்கும் ஐயா. கி.மு. நூற்றி அறுபத்தொண்டு" எண்டாள். மொழிபெயர்ப்பாளர் அதையும் மொழிபெயர்த்தார்! மொழிபெயர்க்கவேண்டிய தேவை என்ன? மண்டபத்தில ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும். வசந்தமலர் படத்தைத் திரும்பப் பொலித்தீனுக்குள்ள வைச்சு, மடிப்பு விழாமல் தடவி, மூடினா.

வீட்டை வந்து கை கழுவிக்கொண்டு நிக்கிறன். மனுசி குசினிக்குள்ள இருந்து சொல்லுறா, "சேர், சாப்பாடு போட்டிருக்கு." பகிடி எண்டு நினைச்சன். அடுத்த நாள் காலமை, "சேர், குடை மறந்திட்டியள்." அண்டையில இருந்து இண்டுவரைக்கும், தம்பி, சேர்தான். முந்தி "இஞ்சருங்கோ" எண்டு கூப்பிடுவா. காய்ச்சல் வந்து படுத்தாலும், "சேர், குளிசை போட்டனீங்களோ?" பிள்ளைப் பேறுக்கு வந்து நிண்ட மகளே கேட்டாள், "என்னம்மா, அப்பாவுக்குப் புதுசா மரியாதை செய்யிறியள்" எண்டு. "படிச்ச மனுசன்தானே" எண்டா. எனக்கு முப்பத்தொரு வருசமாப் பள்ளிக்கூடத்தில கிடைக்காத மரியாதை வீட்டில கிடைக்குது. நான் என்ன குறை சொல்லுறது?

எழில்மதிக்கு ஓ.எல். றிசல்ட் வந்தது. வரலாறு ஏ. கேட்டியளோ? எங்கட பள்ளிக்கூடத்தில இடம்பெயர்ந்து வந்த பிறகு முதல் ஏ. வலயக் கல்விப் பணிமனையில என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தினவை. நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டன், "பாத்தியோ, புத்தகத்தில இருக்கிறதை மட்டும் எழுதினா எப்பிடி வருது எண்டு? ஏ.எல்.லுக்கும் வரலாறு எடு." அவள் சொன்னாள், "இல்லை சேர், நான் மற்ஸ் எடுக்கிறன். அதில விடை சரியெண்டா சரி போடுவினம்." நல்ல பதில்தான். கெட்டிக்காரி எண்டு முதலே சொன்னனே. இப்ப மொரட்டுவைக் கம்பசில படிக்கிறாளாம். தாய் இன்னும் அந்தப் பொலித்தீனோட றோட்டுக்கரைப் போராட்டக் கொட்டிலில, காணாமற் போனவையின்ர மற்றத் தாய்மாரோட இருக்கிறா. பஸ் அதால போகேக்க நான் மற்றப் பக்கம் பாக்கிறனான். மற்றப் பக்கம் வயல், பச்சையா வடிவா இருக்கும்.

என்ன அப்பிடிப் பாக்கிறியள்? எனக்கு உண்மையிலயே ஞாபகமில்லாமப் போச்சுது எண்டு நினைக்கிறியளோ? என்னைப் போய்! நான் நோட்ஸைப் பாக்காமலே பொலநறுவை ராசாக்களை வரிசையாச் சொல்லுறவன். வெள்ளை பஸ், தம்பி, பக்கவாட்டில நீலக் கோடு. முன்கண்ணாடியில வலதுபக்கம் ஒரு வெடிப்பு. காலமை பத்தேகால், ஒரு நிமிசம் முன்னப்பின்ன இருக்கலாம். தவநேசன் நாலாவதா ஏறினவன். கட்டம் போட்ட சாரம், தோளில துவாய், சேட் இல்லை. இடதுபக்கம் மூண்டாவது ஜன்னல். எனக்குக் கையைக் காட்டினவன். மனுசிக்கும் பிள்ளைக்கும் இல்லை, எனக்கு. சரி சேர், நீங்கள் சொன்னபடி செய்திட்டன் எண்டமாதிரி. நான் பஸ் மறையுமட்டும் நிண்டனான். பின்னால இலக்கத்தகட்டில சேறு, ஆனா வாசிக்கலாம். கடைசி இலக்கங்கள் நாலு, ஏழு, ஒண்டு, ஒன்பது. ஏன் பாத்தனான் எண்டு கேளுங்கோ. வரலாறு ஆசிரியன் எண்டா பாக்கத்தானே வேணும்.

பரந்தன் சந்தி வருது, நான் இறங்கவேணும். அந்தப் பையை ஒருக்காத் தாங்கோ. என்ன, ரிக்கற்றுக்குப் பின்னால என்னத்தை எழுதுறியள்? காட்டுங்கோ. காட்டுங்கோ எண்டுறன்.

தம்பி, இதென்ன எழுத்து? நாலு, ஒண்டு, ஏழு, ஒன்பது எண்டோ நான் சொன்னனான்? நாலு, ஏழு, ஒண்டு, ஒன்பது. இப்பிடி மாறி எழுதினா ஆர் தேடினாலும் கிடைக்காது. வெட்டுங்கோ. வெட்டிப்போட்டு… இல்லை, பஸ் குலுங்குது, நீங்கள் திரும்பவும் பிழை விடுவியள். தாங்கோ பேனையை.